கண்ணாடிக் கடலுக்கு மண் சுமக்கிற மருமோனுக்கு

மருமோன், எழும்பி நிண்டால் கடல் தெரியிற ஊரிலை இருந்துகொண்டு, கடலை விறாந்தைக்குள்ளை அடைச்சு வைச்சுப் பார்க்கிற விசர் உனக்கு மட்டும்தான் எண்டு சனம் கதைக்குது. நான் அப்பிடிச் சொல்ல மாட்டன். வெள்ளைக்காரனுக்கும் உந்த விசர் இருந்தது. 1902-லை லிவர்பூலிலை இருந்து ஹேர்ட்மன் எண்ட பேராசிரியர் எங்கடை முத்துப் பார்களைப் பார்க்க வந்தவர். சிப்பி ஏன் வருது, ஏன் சொல்லாமல் கொள்ளாமல் போகுது எண்டு கண்டுபிடிக்கிறதுக்காக, மன்னார்க் கடலிலை எடுத்த சிப்பியைக் காலிக்குக் கொண்டுபோய்த் தொட்டியிலை விட்டுப் பார்த்தவர். அவருக்குப் பின்னாலை அரசாங்கம் நிண்டது. உனக்குப் பின்னாலை தவணைக் காசுக்காரன் நிக்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்ப விசயத்துக்கு வாறன். உன்ரை பழைய மீன் தொட்டி 3 அடி நீளம், ஒண்டரை அடி அகலம். அதுக்குள்ளை 3 அங்குலத்துக்கு மணல். இப்ப கொழும்பிலை இருந்து லொறியிலை வந்து இறங்கின பூதம் 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். 560 லீற்றருக்கு மேலை பிடிக்கும். தண்ணி மட்டும் அரைத் தொன்னுக்கு மேலை நிறுக்கும், கல்லும் கண்ணாடியும் வேறை. நல்ல காலம், கீழ்வீடு. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டாய். பழைய மணல் முழுதையும் புதுசிலை பரப்பினால் ஒண்டேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலை வரும் எண்டு விடை வந்தது. "மாமா, அளந்து வைச்ச மாதிரிக் காணுது, புது மணலுக்குக் காசே தேவையில்லை" எண்டு பல்லைக் காட்டினாய். கணக்குப் பிழையில்லை, வாத்தியார் வந்து பார்த்தாலும் சரி எண்டுதான் போடுவார். மணலுக்குத்தான் உந்தக் கணக்குத் தெரியாது.

வாளியைத் தூக்க முந்தி, தொட்டிக்குப் பக்கத்திலை குந்தியிருந்து மணலைப் பக்கவாட்டிலை வடிவாப் பார். மேலை அரை அங்குலம், முக்கால் அங்குலம் வெளிறிக் கிடக்கும். அதுக்குள்ளை நூல் மாதிரிப் புழுக்கள் போன வளை தெரியும். கொஞ்சம் கீழை சாம்பல் நிறம், அங்கங்கை கண்ணாடியிலை ஒட்டின சின்னச் சின்னக் குமிழி. இன்னும் கீழை, கல்லு குந்தியிருக்கிற மூலையிலை, கறுப்பு. மூண்டு அங்குலத்துக்குள்ளை மூண்டு ஊர் இருக்குது, மருமோன். மேலூரிலை பிராணவாயு உண்டு. மீன் பேயிறதும், தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அமோனியா ஆகும். அந்த அமோனியாவை அங்கை இருக்கிற பக்ரீரியா நைற்றைற் ஆக்கும், பேந்து இன்னொரு கூட்டம் அதை நைற்றேற் ஆக்கும். நடுவூரிலை காத்துக் குறைவு. அங்கை இருக்கிறவை அந்த நைற்றேற்றிலை இருந்து மூச்சைப் பிடுங்கிக்கொண்டு, மிச்சத்தை நைதரசனா மேலை விடுவினம். கண்ணாடியிலை நீ பார்த்த குமிழி கனக்க அதுதான். அடியூரிலை காத்தே இல்லை. அங்கை கந்தகத்திலை சீவிக்கிற ஆக்கள். அவை விடுறது ஐதரசன் சல்பைட்டு, எங்கடை பாசையிலை சொன்னால் கூழ்முட்டை மணம்.

விடத்தல்தீவுப் பக்கம் கண்டல் காட்டுக்குள்ளை நண்டு பிடிக்கப் போய்க் கால் புதைஞ்சிருக்கே உனக்கு? காலை இழுக்கேக்கை கறுத்த சேறு வாயைத் திறந்து ஒரு மணம் விடும், மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பம். அது திறந்த வெளி, எங்களுக்குச் சிரிப்பு. உன்ரை தொட்டியிலை அந்த மணம் எழும்பினால் மீன் சிரிக்காது. மேலை வந்து வாயைப் பிளக்கும், பேந்து பக்கவாட்டிலை சாயும்.

உந்தக் கறுப்பு மணல் இருந்த இடத்திலை ஒருத்தருக்கும் கெடுதி செய்யேல்லை எண்டதையும் நீ கவனிக்க வேணும். நாலைஞ்சு வருசமா அது தன்ரை பாட்டிலை கிடந்தது. மீன் மேலை நீந்தினது, நீ முன்னாலை கதிரை போட்டுத் தேத்தண்ணி குடிச்சாய். நீதான் இப்ப அகப்பையைப் போட்டுக் கிண்டி, மேலூரைக் கீழை போட்டு, அடியூரை மேலை கொட்டி, மூண்டு ஊரையும் ஒரு வாளிக்குள்ளை குழைச்சு, "குடியேற்றம்" எண்டு பேர் வைக்கப் பார்க்கிறாய். காத்தில்லாமல் இருந்ததுக்குக் காத்துப் பட்டால் செத்துப்போகும். காத்தோடை இருந்தது அடியிலை புதைஞ்சு செத்துப்போகும். செத்த புழுவும் செத்த பூச்சியும் அழுகி அமோனியா. கடல் தண்ணியின்ரை பி.எச். 8.2 மட்டிலை இருக்கிறதாலை, குளத்துத் தண்ணியிலை இருக்கிறதை விட அந்த அமோனியாவுக்கு நஞ்சு கூட. பழைய மணலை அப்பிடியே கொட்டினால் புதுத் தொட்டி கெதியாத் தயாராகும் எண்டு உனக்குச் சொன்னவன், தன்ரை தொட்டியிலை செய்து பார்த்தவனோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பார்.

இடம்பெயர்றதைப் பற்றி மன்னாரானுக்கு வகுப்பெடுக்கிறதுக்கு ஆள் வேண்டாம், மருமோன். எதை எடுக்கிறது, எதை விட்டிட்டு ஓடுறது எண்டு அஞ்சு நிமிசத்திலை முடிவெடுத்துப் பழகின சனம் நாங்கள். உன்ரை அம்மம்மா மடுவுக்கு வெளிக்கிட்டபோது அம்மியைத் தூக்கேல்லை. நீ உந்த அம்மியையும் தூக்கிக்கொண்டு, அதுக்கு அடியிலை இருந்த ஊத்தையையும் அள்ளிக்கொண்டு வெளிக்கிடுறாய்.

அப்ப பழைய மணல் ஒண்டும் வேண்டாமோ எண்டு கேப்பாய். வேணும். எவ்வளவு எண்டதுதான் கதை. அப்பத்துக்கு மா கரைச்சு வைக்கேக்கை குசினியிலை எவ்வளவு கள்ளு விடுறவை? ஒரு சிரட்டை. மிச்சப் போத்தல் எங்கை போறது எண்டு நான் சொல்லத் தேவையில்லை, மாவுக்குள்ளை போறதில்லை. ஒரு சிரட்டைக் கள்ளு ராவோடை ராவா முழு மாவையும் பொங்கப் பண்ணும். அதே அளவுதான். தொட்டியின்ரை முன்பக்கம், தண்ணி நல்லா ஓடுற இடம், கல்லு இல்லாத இடம், அங்கை மேலை அரை அங்குலத்தை மட்டும் வழிச்சு, ரெண்டு மூண்டு கோப்பை எடு. வெள்ளை மணல், புழு நெளியிற மணல். சாம்பல் நிறம் கண்ட உடனை கையை எடு. உந்த ரெண்டு மூண்டு கோப்பைக்குள்ளை இருக்கிறவை புது மணல் முழுதையும் பிடிச்சுக்கொள்ளுவினம். அவைக்குத் தேவையானது நாளும் தீனியும்தான்.

அதோடை ஒண்டு சொல்லுறன், நீ மணலைப் பற்றி இவ்வளவு கவலைப்படுறாய், கல்லை மறந்துபோனாய். உன்ரை தொட்டியை இவ்வளவு நாளும் காப்பாத்தினது அந்தக் கல்லு. துளை துளையா இருக்கிற கல்லுக்குள்ளை இருக்கிற பக்ரீரியா மணலிலை இருக்கிறதுக்குக் குறைஞ்சதில்லை. 1961-லை இந்தோனேசியாக்காரர் லீ சின் எங், கடல் தண்ணி, உயிருள்ள கல்லு, கொஞ்சம் காத்துக் குமிழி, இவ்வளவையும் வைச்சே மீனையும் பவளத்தையும் வளர்த்த கதையை அமெரிக்கச் சஞ்சிகை ஒண்டிலை எழுதினவர். பேந்து ஜோபேர் எண்ட பிரெஞ்சுக்காரர், மொனாக்கோ மியூசியத்திலை, அடியிலை தண்ணி நிக்கிறதுக்கு வெறும் இடம் விட்டு அதுக்கு மேலை தடிப்பா மணல் போட்டு வேறொரு வழி காட்டினவர். ஒருத்தர் கல்லை நம்பினார், ஒருத்தர் மணலை நம்பினார். ரெண்டு பேரும் போட்டதைக் கிண்டாமல் விட்டவை. நீ எதையும் நம்பாமல் எல்லாத்தையும் கிண்டுறாய்.

மணல் இடம் மாறினால் என்ன நடக்கும் எண்டதுக்கு எங்கடை கடலிலையே பெரிய பார் எண்ட முத்துப் பார் கிடக்கு. கரையிலை இருந்து பதினைஞ்சு இருபது மைலுக்கு அங்காலை. திரும்பத் திரும்ப அங்கை குஞ்சுச் சிப்பி வந்து படியும், கோடிக் கணக்கிலை. பார்க்கிற அதிகாரிமாருக்கு வாயூறும். அடுத்த சோளகம் எழும்பிக் கடலைக் கலக்கினால் ஒண்டும் மிஞ்சாது. ஒண்டில் நீரோட்டம் வாரிக்கொண்டு போகும், அல்லாட்டில் மணல் மூடிப்போடும். சிப்பிக்கு இருக்கக் கல்லு வேணும், மணல் வந்து மூடினால் மூச்சடைச்சுச் சாகும். உந்தக் குஞ்சுகளை அள்ளிக்கொண்டு வந்து கரைக்குக் கிட்டின நல்ல பார்களிலை விடுங்கோ எண்டு ஹேர்ட்மன் எழுதிக் குடுத்தவர். அஞ்சு பெரிய புத்தகம், 1903-லை தொடங்கி 1906 மட்டும் ரோயல் சொசைற்றி வெளியிட்டது. ஹோர்னெல் எண்டவர் கூட இருந்து வேலை செய்தவர். படிச்ச ஆக்கள், கப்பலும் காசும் இருந்த ஆக்கள். 1905-லை பெரிய முத்துக்குளிப்புச் சலாபம் நடந்தது. அடுத்த வருசம் ஒரு கம்பனி பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பிறகு சிப்பி கையை விரிச்சது, 1925 மட்டும் சலாபமே இல்லை, 1925-க்குப் பிறகு வெள்ளைக்காரன் காலத்திலை வேறை சலாபமும் இல்லை. அவ்வளவு பேருக்குப் பிடிபடாத இடமாற்றத்தை நீ சனிக்கிழமை பின்னேரம் ரெண்டு வாளியோடை முடிக்கப் போறாய். துணிச்சலை மெச்சுறன்.

புது மணல் எங்கை வாங்கிறது எண்டு கேட்டாய். நீ வாயைத் திறக்க முந்தியே உன்ரை கண் கடற்கரைப் பக்கம் போனதையும் கண்டனான். சும்மா கிடக்கிற மணல்தானே, ஆர் கேப்பான் எண்டு யோசிச்சாய். 1981-லை வந்த கரையோரச் சட்டம் கேக்கும். கரையிலை மணல் அள்ள அனுமதி வேணும், உயிர்ப் பவளத்திலை கை வைக்கவே கூடாது. சட்டத்தை விடு, சனம் கேக்கும். எங்கடை தீவு மணலுக்குள்ளை இல்மனைற் கிடக்கு எண்டு கம்பனிக்காரர் துளை போட்டுப் பார்த்ததும், 2025-லை கரண்ட் எடுக்கிற காத்தாடிக்கும் கனிய மணலுக்கும் எதிரா மன்னார் ரவுணிலை சனம் இரவு பகலா இருந்ததும் உனக்குத் தெரியும். நீயும் அங்கை பதாகை பிடிச்ச ஆள்தானே. பதாகை பிடிச்ச கையாலை வாளி பிடிச்சால் நல்லா இருக்குமோ?

சட்டமும் வேண்டாம், சனமும் வேண்டாம், உன்ரை பம்புக்காகவாவது அதை விடு. சின்ன வயசிலை நாங்கள் பழைய றேடியோவைக் கழட்டி, ஸ்பீக்கர் காந்தத்தை நூலிலை கட்டிக் கரையிலை இழுத்துக்கொண்டு போறனாங்கள். திரும்பி வரேக்கை காந்தத்துக்குக் கறுத்த மீசை முளைச்சிருக்கும். கரை மணலோடை கலந்து கிடக்கிற கறுப்பு மணல்தான் அது. உன்ரை பம்புக்குள்ளை சுத்துற சில்லும் காந்தம். உள்ளுக்குப் போய் ஒட்டிச்சுது எண்டால் அறுக்கும், நிக்கும். உனக்கு வேண்டியது சிப்பியும் பவளமும் உடைஞ்சு வந்த சுண்ணாம்பு மணல், கடையிலை பையிலை விக்கிறது. கடலுக்கு நடுவிலை இருந்துகொண்டு வெளிநாட்டு மணலுக்குக் காசு குடுக்கிறதைப் பார்த்து நான் சிரிப்பன்தான். சிரிக்கிறதுக்குக் காசு கேக்க மாட்டன்.

இனி வேலைக்கு வா. புதுத் தொட்டியை முதல் நாளே நிறைச்சு, உப்புக் கரைச்சு, பம்பைப் போட்டு ஓட விடு. உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. நாக்காலை பார்க்கிறது என்னோடை போகட்டும், நீ உன்ரை மானியாலை பார். வடகடல் தண்ணியை அள்ளி ஊத்துவம் எண்டு நினையாதை. வாடைக் காலத்திலை மழைத் தண்ணியும் வங்காள விரிகுடாத் தண்ணியும் வந்து உப்பு இறங்கிக் கலங்கிக் கிடக்கும். புது மணலை வாளியிலை போட்டுத் தண்ணி தெளியும் மட்டும் கழுவு. கல்லை முதலிலை கண்ணாடியிலை இருத்து, மணலைப் பேந்து சுத்திவரப் போடு. மணலுக்கு மேலை கல்லை அடுக்கினாய் எண்டால், உன்ரை அந்த மண் தோண்டி மீன் அடியைக் கிண்டும், நடுச்சாமத்திலை கல்லு சரியும். அந்தச் சத்தத்துக்கு நீ கள்ளன் எண்டு எழும்பித் தும்புத்தடியைத் தேடுவாய்.

பழைய தொட்டியிலை மணலிலை கை வைக்க முந்தி, மேலை தெளிஞ்ச தண்ணியைக் குழாயாலை இறக்கிப் பீப்பாயிலை எடு. மீனையும் பவளத்தையும் கல்லையும் அந்தத் தண்ணிக்குள்ளை விட்டுக் காத்துக் குழாயைப் போடு. ஒரு உயிர் மிச்சம் நிக்கேக்கையும் மணலைத் தொடாதை. இதிலைதான் கனபேர் கவுண்டவை. மீன் நிக்கத் தக்கனயே அகப்பையைப் போட்டவை. கோப்பை மணலை எடுத்த கையோடை புதுத் தொட்டியிலை போட்டுவிடு. மூடிக் கட்டி வாளியிலை வைச்சிட்டுச் சோத்துக்குப் போய் நித்திரை கொண்டு வந்தால், உள்ளுக்கு இருந்ததெல்லாம் காத்தில்லாமல் செத்திருக்கும். நீ உயிரை விட்டிட்டு அமோனியாவைக் கொண்டு போறாய் எண்டு அர்த்தம்.

மிச்ச மணல் 50 கிலோ மட்டிலை இருக்கும். காசு போட்ட சாமான், எறிய மனம் வராது எண்டு தெரியும். வைச்சிருக்க வேணும் எண்டால் கிணத்துத் தண்ணியிலை போட்டுக் கலக்கிக் கலக்கி ஊத்து. முதல் பத்து வாளி கோப்பித் தண்ணி மாதிரிப் போகும். அதுக்குள்ளை இருந்த உயிரெல்லாம் செத்துப் போகும், போகட்டும், வெறும் மணலா மிஞ்சும். தண்ணி பளிங்கா வாற மட்டும் கழுவினால் அதையும் புது மணலோடை சேர்க்கலாம். அரைகுறையாக் கழுவுற ஆள் எண்டால் எறிஞ்சுபோடு. உன்னை எனக்குச் சின்னனிலை இருந்து தெரியும். எறிஞ்சுபோடு.

தண்ணி ரெண்டு மூண்டு நாள் பாலா நிக்கும். நீ அந்தரப்படுவாய். அந்தரப்படாதை. கல்லைப் புதுத் தொட்டிக்கு மாத்தின பிறகு, ஒவ்வொரு நாளும் அந்தச் சின்னக் குழாயிலை சொட்டு விட்டு அமோனியாவைப் பார். நைற்றைற்றையும் பார். ரெண்டும் ஒண்டுமில்லை எண்டு நாலைஞ்சு நாள் விடாமல் காட்டினால், பிறகு மீனை ஒண்டொண்டா விடு. அது மட்டும் மீன் பீப்பாயிலை கிடக்கட்டும், பீப்பாய்த் தண்ணியை மாத்திக்கொண்டு வா. கரண்ட் நிண்டால் என்ன செய்யிறது எண்டு இப்பவே யோசி. பற்றறியிலை ஓடுற காத்துப் பம்பு ஒண்டு வாங்கி வை. இஞ்சை கரண்ட் போறதுக்கு மழையே தேவையில்லை, முகில் கண்டால் காணும்.

அடுத்தது உன்ரை கடலட்டை ஆசை. மணலை அட்டை சுத்தம் பண்ணும் எண்டு ஆரோ சொல்லிவிட்டான். பண்ணும்தான். வெள்ளை அட்டை பகலிலை மணலுக்குள்ளை புதையும், எழும்பி மணலைத் தின்னும், உள்ளுக்கு இருக்கிற ஊத்தையை எடுத்துக்கொண்டு மணலை வெளியிலை விடும். நாங்கள் தின்னாத சாமான், சீனாக்காரன் நல்ல விலை குடுத்துத் தின்னுறான், அதுக்காகத்தான் கரை முழுக்க வலைக் கூடு கட்டி வளர்க்கினம். ஆனால் புது மணலிலை அதுக்குத் தின்ன ஒண்டும் இல்லை. பட்டினி கிடந்து சுருங்கும், ஒரு நாள் கல்லுக்குப் பின்னாலை செத்துக் கிடக்கும். செத்த அட்டை தன்ரை நஞ்சைத் தண்ணியிலை விட்டால் மீன் கூண்டோடை போகும். ஒரு வருசம் மணல் ஊறட்டும், பேந்து பார்ப்பம். அதுக்கு இடையிலை நீயே தொட்டியை வித்துப்போட்டு வேறை விசர் பிடிச்சிருப்பாய்.

கழுவின ஊத்தைத் தண்ணியை எங்கை ஊத்துறது எண்டு நீ கேக்கேல்லை. கேக்க மாட்டாய். வளவின்ரை பின்பக்கத் தென்னைக்கு ஊத்து, அது கொஞ்ச உப்பைத் தாங்கும். மல்லிகைப் பந்தலுக்குக் கிட்டக் கொண்டு போகாதை, அது உன்ரை மனிசி வைச்சது. கடலிலையும் கொட்டாதை. உன்ரை தொட்டிக்குள்ளை எந்த நாட்டுப் புழு வந்து சேர்ந்துதோ ஆருக்குத் தெரியும். சனிக்கிழமை அவ தாய் வீட்டை போற நாள்தானே, அவ வெளிக்கிட்ட பிறகு தொடங்கு. யன்னல் எல்லாத்தையும் திறந்து வை. கூழ்முட்டை மணம் அடங்க நேரம் எடுக்கும். வந்து மூக்கைச் சுளிச்சால், மாமா வந்து முட்டை அவிச்சு மறந்துபோனார் எண்டு சொல்லு. என்னிலை அவவுக்கு ஏற்கெனவே நல்ல எண்ணம் இல்லை, இதுவும் கூடினால் பாதகமில்லை.